கோலமாவில் ஆப்பிரிக்கா: ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் நடத்த

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு மணி வரை எனக்கு ஒரு சின்ன வகுப்பு. பன்னிரண்டு பதிமூன்று பிள்ளைகள் வருவார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். மயிலாடுதுறைப் பக்கம் பதினோரு வருஷம் வரலாற்று டீச்சராக இருந்தவள் என்பது எப்படியோ பரவிவிட்டது. தேர்வு நெருங்கினால் போதும், "அக்கா, ஹிஸ்டரியையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று தாய்மார்கள் புத்தகத்தை நீட்டிவிடுகிறார்கள்.

உள்ளதைச் சொன்னால், ஊரில் இருந்தவரை ஆப்பிரிக்கா எனக்கு 'இருண்ட கண்டம்', ஐந்து மதிப்பெண் கேள்வி. அவ்வளவுதான். இங்கே வந்து பதினாலு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் பாடப்புத்தகத்தை வரிசையாக வாசித்துக் காட்டினேன், பிள்ளைகள் வரிசையாகத் தூங்கினார்கள். அப்புறம் மாற்றிக்கொண்ட விதத்தைத்தான் எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டும் அம்மாவுக்கும், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு எடுக்கும் டீச்சருக்கும் உதவலாம். நான் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆயா, தாத்தா, கூழ், காவடி தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். அவர்கள் பேச்சை நான் தமிழில் போட்டிருக்கிறேன்.

முதலில் தரை

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தரையில் கோலம் போடுங்கள். ஒன்பதுக்கு ஒன்பது நேர்ப்புள்ளி. புள்ளிக்குப் புள்ளி அரை மீட்டர், அதாவது ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா வடக்குத் தெற்காக ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 7,000க்கு மேல். நாலு மீட்டர் சதுரத்துக்குள் கண்டம் முழுவதும் அடங்கிவிடும். மேற்கே புடைப்பு, கிழக்கே சோமாலியாவின் கொம்பு, கீழே குறுகி வரும் வால். பிள்ளைகளே இழுக்கட்டும். கோணலாக வந்தால் வரட்டும். நீல நூலில் நான்கு ஆறுகள் போதும்: நைல், நைஜர், காங்கோ, ஸாம்பெசி.

அரிசி மாவு வேண்டாம். முதல் தடவை நான் அரிசி மாவில்தான் போட்டேன். எகிப்தில் ஆரம்பித்த எறும்பு வரிசை நாலு மணிக்குள் கேப் டவுனுக்கு வந்துவிட்டது. சாயங்காலப் பூஜைக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், நிர்வாகத்தில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கல்மாவு போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

கோலம் முடிந்ததும் அதே அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டி இந்தியாவை வெட்டி, ஒரு பையன் கையில் கொடுத்துவிடுவேன். "உள்ளே எத்தனை இந்தியா பிடிக்கும்?" அவன் தாளை நகர்த்தி நகர்த்திக் கோடு போடுவான். மூன்று என்பார்கள், நாலு என்பார்கள். கணக்கு ஒன்பது. ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், இந்தியா 33 லட்சம். சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா பதினாலு மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கினால் துருவத்துப் பக்கம் வீங்கும் என்று ஆரஞ்சுத் தோலை உரித்துக் காட்டினால் இரண்டே நிமிஷத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு மைலோ டப்பா. நாட்டின் பெயர் சொல்லாமல் "ஆப்பிரிக்காவில் பஞ்சம்", "ஆப்பிரிக்காவில் சண்டை" என்று யார் சொன்னாலும் அதில் ஐம்பது சென்ட் போட வேண்டும். 54 நாடுகள் ஐ.நா.வில் உட்கார்ந்திருக்கின்றன, எந்த நாடு என்று சொல். வருஷக் கடைசியில் டப்பாவை உடைத்து எல்லோருக்கும் வடை. இதுவரை அதிகம் கட்டியது நான்தான்.

கப்பல் வருவதற்கு முன்னால்

திருப்புதலில் எல்லோரும் செய்யும் தவறு, 1652இல் கேப்பில், அதாவது இன்றைய கேப் டவுன் பக்கம், டச்சுக்காரர் இறங்கிய இடத்தில் ஆரம்பிப்பது. அங்கே ஆரம்பித்தால் அதற்கு முன் இந்த மண்ணில் ஒன்றுமே இல்லை என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். பிறகு எதைச் சொன்னாலும் ஏறாது. ஆறாம் வகுப்பில் மாப்புங்குப்வே படித்திருப்பார்கள், ஏழில் மாலி. இரண்டையும் தூசி தட்டி எடுங்கள்.

நான் ஒரு பாசிமணி மாலையோடு போவேன். லிம்போப்போ ஆற்றங்கரையில், 1220 வாக்கில், மாப்புங்குப்வே என்ற குன்றின்மேல் அரசன், கீழே குடிகள். அரச குடும்பத்தாரின் கல்லறையில் தங்கத் தகடு போர்த்திய சின்னக் காண்டாமிருகம். கையில் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுதான். கூடவே கடல் தாண்டி வந்த ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள். யானைத்தந்தமும் தங்கமும் கிழக்குக் கரைக்குப் போயின, மணியும் துணியும் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்தன. மாலையை ஒரு பெண் கழுத்தில் போட்டு, "ஆயா காலத்துக்கு முன்னாலேயே நம் பக்கத்துச் சரக்கு இங்கே வந்திருக்கிறது" என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்தக் காண்டாமிருகம் 1930களிலேயே கிடைத்துவிட்டது. நிறவெறி ஆட்சிக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள், பதில் தானாக வரும்.

அதற்கு வடக்கே பெரிய ஸிம்பாப்வே. சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய மதில், உயரம் 11 மீட்டர் வரை. 1871இல் அங்கே போன கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், இது பைபிளில் வரும் ஷீபா ராணியோடு சம்பந்தப்பட்ட கட்டடமாகத்தான் இருக்கும் என்று எழுதினார். கறுப்பின மக்கள் கட்டினார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. 1905இல் ரேண்டல்-மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர்தான் கட்டினார்கள் என்று சொன்ன பிறகும், அப்போது ரொடீஷியா என்றிருந்த அந்த நாட்டின் வெள்ளையர் அரசு அதை விரும்பவில்லை. இதை ஒரு வழக்காக நடத்துங்கள். ஒருவன் மவுக், ஒருத்தி கேட்டன்-தாம்சன், மற்றவர்கள் ஜூரி. சான்றைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் தேர்வில் ஆதாரக் கேள்வி வரும்போது அப்படியே கைகொடுக்கும்.

மாலிக்கு நான் வைத்திருக்கும் பிடி, ஊர் ஊராகச் சுற்றிய மொராக்கோக்காரர் இப்னு பதூதா. மாலி மன்னன் மான்சா மூசா 1324இல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்து அதன் விலையே விழுந்த கதை புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது இது: 1352இல் மாலிக்குப் போன அதே இப்னு பதூதா, அதற்குப் பத்து வருஷத்துக்குள் முன்னால் நம் மதுரையில் இருந்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. 'சகலை' என்ற சொல்லை விளக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது, சிரிப்பு வேறு. ஆனால் அதற்குப் பிறகு மாலியின் திம்புக்டு நகரை யாரும் மறப்பதில்லை. திம்புக்டுவின் ஓலை... இல்லை, தாள் சுவடிகளைக் காக்கும் புதிய நூலகம் 2009இல் திறந்தது தென்னாப்பிரிக்காவின் உதவியோடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013இல் தீவிரவாதிகள் சிலவற்றைக் கொளுத்தினார்கள். பெரும்பாலானவற்றை ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே பெட்டி பெட்டியாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திவிட்டிருந்தார்கள்.

நான் செய்து கெட்டது

அட்லாண்டிக் அடிமை வாணிபத்தை நடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு வருஷம் பிள்ளைகளைத் தரையில் நெருக்கிப் படுக்கவைத்து விளக்கை அணைத்தேன். பாதிப் பேர் கிச்சுக்கிச்சு மூட்டி விளையாடினார்கள். ஒரு பெண் தேம்பி அழ ஆரம்பித்தாள். அழுதவளைத் தேற்றுவதா, சிரித்தவனைக் கண்டிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அடுத்த நாள் அவள் அம்மா தொலைபேசியில் சொன்னது எல்லாம் நியாயம். இதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தத் துயரம் நடித்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

இப்போது எண்களோடு நிறுத்திக்கொள்கிறேன். கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி. கரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஒரு கோடியே ஏழு லட்சம். கழித்துப் பாருங்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். கழித்து முடித்ததும் மண்டபம் அமைதியாகிவிடும்.

அடுத்து நம் கப்பல். 1834இல் கேப்பிலும் மற்ற பிரிட்டிஷ் குடியேற்றங்களிலும் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் கரும்பு ஒழியவில்லை. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலில் ஸூலு மக்களுக்குச் சொந்த மாடும் நிலமும் இருந்தது, அடிமாட்டுக் கூலிக்குத் தோட்ட வேலைக்கு வர அவர்களுக்கு அவசியம் இல்லை. அதனால்தான் 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். 1911க்குள் வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருக்கும்.

ஒரு பையன் தன் கொள்ளுத்தாத்தாவின் தாளை நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். ஊர்ப்பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். நாங்கள் ஒரு மணி நேரம் உரக்கப் படித்துப் பார்த்தோம். ஒருவன் வேகமாக, ஒருவன் இழுத்து, ஒருத்தி மூக்கால். கடைசியில் எனக்குப் பளிச்சென்றது, செங்கல்பட்டுப் பக்கத்து மதுராந்தகம். அந்தப் பையன் தாளை வாங்கி, எழுத்துமேல் விரலை ஓட்டி ஓட்டி ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். அன்று வேறு பாடம் நடக்கவில்லை, நடத்த நான் முயலவும் இல்லை.

ஒரு உருண்டைக் கயிறு

இதற்குத்தான் தரையில் கோலம் வேண்டும். 1884 நவம்பர் 15ஆம் தேதி பெர்லினில் பதினாலு நாட்டுப் பிரதிநிதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. மூன்று பிள்ளைகளை மண்டபத்துக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். அவர்கள்தான் ஆப்பிரிக்கா. உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு நாடாகக் கயிற்றை நேர்கோட்டில் இழுத்துப் பங்கு போடட்டும். கூப்பிட்டு உள்ளே விட்டால், வெளியே நின்றவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "யார் உங்களைக் கேட்டா?"

ஒன்று மட்டும் திருத்திச் சொல்லிவிடுங்கள். கோடெல்லாம் பெர்லினிலேயே போடப்படவில்லை. அங்கே விதியை வகுத்தார்கள், கோடு அடுத்த இருபது முப்பது வருஷத்தில் விழுந்தது. தேர்வில் இதைச் சரியாக எழுதுகிற பிள்ளை தனியாகத் தெரியும். கயிறு எதை அறுத்தது என்பதற்குச் சோமாலியர் நல்ல உதாரணம். பிரிட்டிஷ், இத்தாலிய, பிரெஞ்சுப் பகுதிகள், எத்தியோப்பியா, கென்யா என்று ஐந்தாகச் சிதறினார்கள். சோமாலியக் கொடியில் உள்ள ஐந்துமுனை நட்சத்திரம் அதற்குத்தான். நமீபியாவிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கப்ரிவி விரலையும் காட்டுங்கள். 1890இல் ஸாம்பெசி ஆற்று வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போகலாம் என்று ஜெர்மனி ஆசைப்பட்டு வாங்கிய துண்டு அது. நடுவில் விக்டோரியா நீர்வீழ்ச்சி இருப்பதை யோசிக்கவில்லை. ஏழாம் வகுப்புக்காரர்களுக்கு இந்த ஒரு நகைச்சுவை வாரக்கணக்கில் ஓடும்.

கயிறு எத்தியோப்பியாவுக்கு வரும்போது ஒரு பெண்ணை அதன்மேல் காலை ஊன்றி நிற்கச் சொல்வேன். 1896 மார்ச் 1, அத்வா. இத்தாலியப் படை தோற்றது. 1914இல் கயிறு படாமல் நின்றவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும்.

1913: இரண்டு நடை

பிள்ளைகள் மனதில் 'நம்ம வரலாறு', 'அவங்க வரலாறு' என்று நடுவில் ஒரு சுவர் இருக்கும். வீட்டிலேயே கட்டிக் கொடுத்திருப்பார்கள். அதை வாயால் இடிக்க முடியாது. நான் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கரும்பலகையை நடுவில் பிரித்து மேலே 1913 என்று எழுதுங்கள். இடப்பக்கம்: ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலிலேயே தங்கும் இந்தியத் தொழிலாளிக்கு 1895 சட்டப்படி வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி. அதை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம், நவம்பரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லை நோக்கிக் குழந்தை குட்டிகளோடு நடை. வலப்பக்கம்: ஜூன் 19ஆம் தேதி வந்த நிலச்சட்டம். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு வெறும் 7 சதவீத நிலம். மேய்ச்சலுக்கு இடமில்லாமல் குடும்பங்கள் மாட்டையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு சாலையில் நடந்ததைப் பத்திரிகையாளர் சால் பிளாட்ஜே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அதற்குச் சற்று முன்னால், தலைக்கு ஒரு பவுண்டு வரியை எதிர்த்து 1906இல் ஸூலு தலைவர் பம்பாத்தா கிளர்ந்ததையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வரிக்குப் பக்கத்தில் வரி, நடைக்குப் பக்கத்தில் நடை. அவ்வளவுதான், நான் விளக்கமாட்டேன். "இவங்களும் அவங்களும் சாலையில பார்த்திருப்பாங்களா ஆன்ட்டி?" என்று ஒரு வருஷம் ஒருத்தி கேட்டாள்.

அதே 1913 போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மையை இங்கேதான் கொண்டுவருவேன். தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். சின்ன வயதில் அந்தப் பெயர் எனக்கு ஏதோ அம்மன் பெயர் மாதிரிதான் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தபோது வயது 16. என் வகுப்பில் மூத்த பெண்ணுக்குப் பதினைந்து.

ஆயாவிடம் ஒரே ஒரு கேள்வி

ஒன்பதாம் வகுப்புக்கு நிறவெறிச் சட்டங்களின் பட்டியல் நீளமானது. 1948, 1950, 1960, 1976, 1990 என்று வருஷங்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதை விரித்துச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு வீட்டுப்பாடம் போதும்: "இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தீர்கள், ஏன் கிளம்பினீர்கள்?" வீட்டில் மூத்தவரிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதி வர வேண்டும்.

போன வருஷம் ஒருத்தி தன் ஸூலு தோழியையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அரைப் பக்கம் எழுதி வந்தார்கள். இவள் ஆயா கேட்டோ மேனர் குன்றில் தகரக்கூரை வீட்டில், பின்னால் முருங்கையும் மாமரமுமாக இருந்தவர். 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டார். தோழியின் பாட்டி உம்கும்பானேயில் இருந்து க்வாமாஷுவுக்கு மாற்றப்பட்டவர். இரண்டையும் படித்துவிட்டு நான் தரையில் டர்பனை வரைந்தேன். கேட்டோ மேனருக்கு ஸூலு பெயர்தான் உம்கும்பானே. ஒரே குன்று. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க ஆயா அங்கே சேப்பங்கிழங்கு விப்பாங்களாம்," என்றாள் ஒருத்தி. "அமடும்பேயா?" என்றாள் மற்றவள். அதேதான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950 குழுப் பகுதிகள் சட்டத்தைப் பற்றி அன்று நான் சொன்னது மூன்று வாக்கியம் இருக்கும்.

இதே இடத்தில் கசப்பான கேள்வியும் வரும், தயாராக இருங்கள். 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்மேல் நடந்த கலவரம் வீட்டுக்கு வீடு சொல்லப்படுவது. இறந்த 142 பேரில் ஆப்பிரிக்கர்களே அதிகம் என்பதை எந்த வீட்டிலும் சொல்வதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350க்கு மேல் இறந்தார்கள், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர். அதை இந்தப் பிள்ளைகளே கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள். நேரில் கேட்கவைக்காதீர்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்வியைப் போடச் சொல்லுங்கள், தேதியும் எண்ணும் நடந்ததும் மட்டும் சொல்லுங்கள். "எங்க அப்பா சொன்னாரு..." என்று யாராவது ஆரம்பித்தால், "அப்பா எங்கே நின்று பார்த்தார்?" என்று கேளுங்கள். ஆதாரக் கேள்விக்கும் அதுதான் முதல் படி.

இன்றைக்கு வருவது: ஏன், ஏன், ஏன்

இன்றைய சிக்கல்களைப் புத்தகம் தலைப்புத் தலைப்பாகக் கொடுக்கும்: வறுமை, நோய், ஊழல், போர், தட்பவெப்பம். அப்படியே மனப்பாடம் செய்தால் 'பாவம் ஆப்பிரிக்கா' என்று முடித்துவிடுவார்கள். நான் கையில் இருக்கும் ஒரு தொல்லையிலிருந்து பின்னோக்கிப் போவேன்.

2023இல் வகுப்பு நடுவே கரண்ட் போவது வாராவாரம் வழக்கம். ஒருநாள் அதையே பாடமாக்கினேன். ஏன் போச்சு? மின்நிலையம் பழுது. ஏன் பழுது? பழைய நிலையம், பராமரிப்பு இல்லை, காசு திருடப்பட்டது. இதை எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள், பெரியவர்கள் பேச்சு இங்கேதான் நின்றுவிடும். நீங்கள் நிற்காதீர்கள். ஏன் புதிதாகக் கட்டவில்லை? 2007 வாக்கில் மின்சாரம் பற்றாது என்று 1998இலேயே அரசின் கொள்கை அறிக்கை எச்சரித்தது, புதிய நிலையங்களைத் தாமதமாகத்தான் தொடங்கினார்கள். ஏன் பற்றாமல் போனது? 1994இல் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குத்தான் மின்சாரம் இருந்தது, அப்புறம்தான் மற்ற வீடுகளுக்குக் கம்பி போனது. ஏன் அதுவரை போகவில்லை? மின்சாரம் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வெள்ளையர் தெருக்களுக்குமாகக் கட்டப்பட்டது. எந்தச் சுரங்கம்? 1886, ஜோகன்னஸ்பர்க் பக்கம் விட்வாட்டர்ஸ்ராண்ட், தங்கம். அங்கே வந்ததும் ஒரு எட்டாம் வகுப்புக்காரன் "அட, இது போன டெர்ம் பாடம்!" என்று எழுந்து நின்றுவிட்டான். இருட்டில் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடித்தேன்.

சங்கிலியில் ஊழலை விட்டுவிடாதீர்கள். எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கே நம்பிக்கை வராது.

இதே மாதிரி கைப்பேசியிலிருந்து காங்கோவுக்குப் போகலாம். உலகில் வெட்டப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. பேட்டரியிலிருந்து சுரங்கம், சுரங்கத்திலிருந்து 1961இல் கொல்லப்பட்ட காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா, அங்கிருந்து பெல்ஜியத்தின் லியோபோல்ட் மன்னனின் ரப்பர். சாக்லேட்டிலிருந்து கானாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் போகலாம், உலகின் கோகோவில் பாதிக்கு மேல் அந்த இரண்டு நாடுகளில்தான் விளைகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கு மேல் இறந்தார்கள், ஏன் ஆற்றோரத்தில் வீடு இருந்தது என்று கேட்டால் மறுபடி நிலச்சட்டத்துக்கே வந்து சேர்வீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சங்கிலி போதும்.

எந்தச் சிக்கலைச் சொன்னாலும் அதோடு மல்லுக்கட்டிய ஒருவரையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். காடு அழிவதா? கென்யாவில் 1977இல் பெண்களைச் சேர்த்து மரம் நட ஆரம்பித்து 2004இல் நோபல் வாங்கிய வங்காரி மாதாய். எச்.ஐ.வி.யா? 2000இல் இதே டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டு மேடையில், பெரிய கோட்டு போட்டுக்கொண்டு பேசிய பதினோரு வயது நிகோசி ஜான்சன். வங்கி இல்லாத ஊரா? 2007இல் கென்யாவில் கைப்பேசியிலேயே பணம் அனுப்ப வழி செய்த எம்-பெசா. நாடுகள் சேரவே மாட்டா என்பவனுக்கு, ஆப்பிரிக்க ஒன்றியம் 2002 ஜூலையில் தொடங்கியது டர்பன் விளையாட்டு அரங்கில்தான் என்று சொல்லுங்கள். ரக்பி பார்க்கப் போன இடம் அது என்று வாயைப் பிளப்பார்கள்.

ஆப்பிரிக்கரில் பாதிப் பேர் இருபது வயதுக்குள். உங்கள் வயது என்று சொல்லி விட்டுவிடுவேன், அதற்குமேல் உபதேசம் செய்தால் காதை மூடிக்கொள்வார்கள்.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை

புதிதாக எதையும் எடுக்காதீர்கள். ஒரு படத்தைக் காட்டி நாலு கேள்வி: யார் எடுத்தது, எப்போது, யாருக்காக, படத்தில் விழாமல் அதன் ஓரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? 1976 ஜூன் 16ஆம் தேதி சாம் நிசிமா எடுத்த, சோவெட்டோ மாணவர் போராட்டத்தில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனின் படம் இதற்கு மிகப் பொருத்தம். கடைசிக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் யோசிப்பார்கள். ஒருவன் "போலீஸ்" என்றான், இன்னொருத்தி "அந்தப் பையனோட அம்மா" என்றாள். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. பத்தி எழுதும் கேள்விக்கு, ஒரு வாக்கியத்தில் சொல்ல வந்தது, இரண்டில் ஆதாரம், ஒன்றில் 'அதனால்'. வருஷம் இல்லாத வாக்கியத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மூன்றரை மணிக்கு எல்லோரையும் கோலத்தில் நடக்கவிடுங்கள். நான் ஒரு வருஷம் சொல்வேன், அவர்கள் ஓடிப் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். 1324 என்றால் மாலி, 1896 என்றால் எத்தியோப்பியா, 1957 என்றால் கானா. 1994 ஏப்ரல் என்றால் கூட்டம் இரண்டாகப் பிரியும், பாதி இனப்படுகொலை நடந்த ருவாண்டாவுக்கு, பாதி நம் இனாண்டாவுக்கு, மண்டேலா முதல் ஓட்டுப் போட்ட பள்ளிக்கு. இரண்டு பக்கமும் சரிதான். தப்பாக நிற்பவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

குருக்கள் நாலே காலுக்கு வந்துவிடுவார். நாலு மணிக்குள் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, கயிற்றைச் சுற்றி டப்பாவில் போடுங்கள். அடுத்த வாரமும் தேவைப்படும்.